வெடிக்கிற காரும் டீ வாங்கித் தந்த அக்காவும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் கையெழுத்தும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதத் துணிந்தேன்.

நான் எழுத நினைப்பது ஒரு அக்காவைப் பற்றி. அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழைய பெட்ரோல் கார்களைச் சரி செய்கிற இடம். போர்டு கிடையாது. உள்ளே ஒரு பெண் இருப்பார். தலை நரைத்த லாரிக்காரர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் நான் அவருக்கு மூத்தவள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். வேறெப்படியும் கூப்பிட வாய் வரவில்லை.

நல்ல உயரம். சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற காக்கிச் சட்டை. கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். வெள்ளிக்கிழமையானால் இரண்டும் இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றதும் சுற்றி ஒரு நடை நடப்பார். காது வைத்துக் கேட்பார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "இது இதுனாலதானுங்க!" என்று காரணத்தைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு வண்டிக்காரரைப் பார்த்து, "நீங்க என்னன்னு நெனைக்கறீங்?" என்பார். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எதையாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யார் சொன்ன காரணம் தப்பாகப் போகிறதோ அவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

பெரும்பாலும் தப்பாகப் போவது அக்கா சொன்னதுதான். அதுதான் வேடிக்கை. தப்பு என்று தெரிந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிரீஸ் கையைத் தட்டிக்கொண்டு, "கழிஞ்சுது ஒண்ணு! இனி அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லீங்க!" என்று சிரிப்பார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டீக்கடையைப் பார்த்து, "மாமா, டீ கொண்டாங்க! நாந் தோத்துட்டேன்!" என்று கத்துவார்.

டீக்கடைக்காரர் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வருவார். "உனக்கு வேல தெரியாததுனாலதான் புள்ள என்ற கடை ஓடுது."

"எனக்கு வேல தெரிஞ்சிருந்தா உங்க கடையில ஈதான் மாமா டீ குடிக்கும்."

ஒரு முட்டை வேன் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஜில்லாவில் கோழிப்பண்ணைகள் அதிகம். முட்டை ஏற்றுகிற வேன் ஒன்று மேடு ஏறாமல் திணறுகிறது என்று வந்து நின்றதாம். அக்கா கிளட்ச் என்றார். தப்பு, டீ. பில்டர் அடைப்பு என்றார். அதுவும் தப்பு, மறுபடி டீ. "அக்கா, வயித்துல எடமில்லீங்க, வண்டியப் பாருங்க" என்று வேன்காரர் கும்பிட்டாராம். கடைசியில் காற்று இழுக்கிற குழாயைக் கழற்றினால் உள்ளே கோழி இறகு மெத்தை மாதிரி அடைந்து கிடந்திருக்கிறது. பண்ணைக்குள்ளேயே நின்று நின்று உறிஞ்சியிருக்கிறது. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குப் பூராவும் கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு வெள்ளை இறகும் இருந்ததாம். இது டீக்கடைக்காரர் சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. வழி தப்பி வேறு ஊருக்குப் போய்விட்டாலும், "இந்த ஊருக் கோயிலப் பாக்கத்தான் வந்தேன்" என்று இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். விசைத்தறி வைத்துப் பிழைத்தோம். தறிக்கூடத்துக்கு அடுத்து அவருக்கு உயிர், ஒரு பழைய வெள்ளைக் கார். வட்ட மூஞ்சி, மெத்தை சீட்டு. சாவித்துளை தேய்ந்துபோய் எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்பும். ஒருமுறை பீரோ சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து விருந்தாளிகளுக்குக் காட்டினார். அதையும் பெருமையாகத்தான் காட்டினார்.

சாவி என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போயிருந்தோம். குளிக்கும்போது என் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து தண்ணீரோடு போய்விட்டது. பூட்டை உடைத்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம். பிறகு எல்லாவற்றுக்கும் மறுசாவி செய்து புதுக் கொத்துப் போட்டோம். அன்றிலிருந்து குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் கொத்தை அவரே என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி, தறிக்கூடத்துச் சாவி, எங்கள் பழைய தானிய அறையின் சாண் நீள இரும்புச் சாவி எல்லாம் அதில் உண்டு. அதைக் கொக்கி போட்டு வண்டிச் சாவியோடு கோர்த்துவிடுவார். "வண்டி தொலைஞ்சாத்தான் இனி சாவி தொலையும்" என்பார்.

அந்தக் கார்தான் வெடிக்க ஆரம்பித்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று விக்கல் எடுத்த மாதிரி ஒரு திணறு திணறும். உடனே பின்னால் டமார் என்று வெடி. நாய்கள் ஓடும், தறிக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். அவர் தனியாக மெக்கானிக்கிடம் கொண்டு போனால் தேர் மாதிரி போகும். பிளக்கை மாற்றினார்கள், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். "வண்டியில ஒண்ணுமில்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாங்கள் எல்லாரும் ஏறினால் டமார்.

எல்லாரும் என்றால் நானும் நங்கையாளும்தான். என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். அவர் வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்களோடுதான் இருந்தார். நல்ல பருமன், நல்ல குரல். நான் தறிக்கூடத்தில் கிடந்தபோது என் பெண்ணை மடியில் போட்டு வளர்த்தவர் அவர். சொந்தக்காரர்களுக்குப் பொழுது போக வேண்டுமே, "நங்கையா ஏறுனா வண்டி தாங்குமா? அதான் வெடிக்குது" என்று ஆரம்பித்தார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

என் பெண்ணைச் சேந்தமங்கலத்தில் கொடுத்திருந்தோம். அவள் மாசமாக இருந்தாள். ஒரு விசேஷத்துக்கு அங்கே போனபோது, சம்பந்தி வீட்டு வாசல் பள்ளத்தில் இறங்கும்போது கார் வெடித்தது. ஆரத்தி சுற்ற நின்ற சம்பந்தியின் அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டார். மஞ்சள் தண்ணீர் எல்லாம் என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில்.

அடுத்த மாதம் கட்டுச்சோறு வைத்திருந்தோம். பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் பரிமாறி, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். சம்பந்தி போன் செய்தார். "மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. வேற வண்டியெடுத்துட்டு வாங்க. புள்ளத்தாச்சிய அந்த வெடிவண்டியில ஏத்த எங்கம்மா உட மாட்டீங்கறாங்க. இல்லீன்னா பிரசவத்த இங்கியே பாத்துக்கறோம்."

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, "என்ற புள்ளைய என்ற வண்டியிலதான் கூட்டியாருவேன். வாடகை வண்டியில போயி அந்த வாசல்ல எறங்க மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான். கார் சரியாகவில்லை என்றால் என் பெண் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர மாட்டாள்.

அதோடு விட்டாரா? நங்கையாளைப் பார்த்து, "அக்கா, நீ வேணா பஸ்ஸுல வந்துரு" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார்.

நங்கையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். "நான் வரவே இல்ல சாமி. அத்தக்காரி இல்லாமயே நடத்திக்குங்க."

நூல் கொண்டு வருகிற வேன்காரர்தான் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னார். "பொம்பளையா?" என்று என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். வேறு வழியில்லாமல் போனார். அங்கேயும் வண்டி வெடிக்கவில்லை. அக்கா காரைச் சுற்றி வந்துவிட்டு, "வெடிக்கறப்ப வண்டியில யாரு யாருங்ணா இருப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப உங்க வண்டிய மட்டும் பாத்து என்ன பண்றதுங்? நாளைக்கு நான் உங்கூட்டுக்கு வாரேன். கட்டுச்சோத்துக்கு எப்பிடிக் கெளம்புவீங்களோ அப்பிடியே கெளம்புங்க. சோத்துப் போசி, அண்டா முதக்கொண்டு ஏத்தோணும்."

மறுநாள் காலை மொபட்டில் வந்து இறங்கினார். அன்றுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றேன். "அம்மிணி, கதவுக்கு என்ன வேர்க்குதா? வெளிய வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நங்கையா அறையை விட்டு வர மாட்டேன் என்றார். அக்கா உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வந்தாத்தானுங்க எனக்குக் கண்டுபிடிக்க முடியும்."

"என்ன கண்டுபிடிப்ப? என்ற ஒடம்புதான்னு கண்டுபிடிப்ப. அதுக்கு நான் வேற வரோணுமா?"

"ஆமாங்க. நானும் அப்பிடித்தான் நெனைக்கறேன்."

இதுவரை எல்லாரும் கேலியாகச் சொன்னதைக் கேலியில்லாமல் முகத்துக்கு நேரே ஒருத்தி சொல்கிறாள்.

"பின்னால பாரம் ஏறுனா அடியில பெட்ரோல் போற குழாய் நசுங்குதுன்னு எனக்கொரு நெனப்புங்க. ஆனா நான் சொன்னா எட்டுல ஏழு தப்பாத்தான் போகும். வந்து என்னையத் தோக்கடிங்க."

நங்கையா சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "நீ தோத்தா என்ன தருவ?"

"டீ."

கிளம்பினோம். அண்டாக்களில் சோற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றி டிக்கியில் ஏற்றினோம். நான் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். அவர் கொக்கியில் கோர்த்தார். முன்சீட்டில் அக்கா, பின்னால் நானும் நங்கையாளும். தறிக்கூடம் தாண்டி ஏரிக்குப் போகிற பாதையில் முதல் பள்ளம் வந்தது. ஒரு திணறல். டமார்!

"ஆகா!" என்று அக்கா கைதட்டினார். "இதுக்குத்தானுங்க வந்தேன்! சரி, சொல்லுங்க. அண்ணா, நீங்க?"

"கலப்படப் பெட்ரோலு" என்றார் என் வீட்டுக்காரர். "வேற என்ன?"

"நான் பாரம்ங்கறேன். அம்மிணி நீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"அது செல்லாது."

"குலுங்கறப்பதானுங்க வருது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏரிக்கரையில் அக்கா நங்கையாளை இறக்கிவிட்டார். டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, கேனில் தான் கொண்டு வந்திருந்ததை ஊற்றினார். நாங்கள் மூவரும் மறுபடி கிளம்பினோம். கரைமேட்டில் ஏறி இறங்கியதும் டமார். முன்னைவிடப் பெரிதாக. கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன.

திரும்பிப் பார்க்கிறேன், நங்கையா கரைமேல் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்களைப் பார்த்து, "நானில்ல! பாத்துக்கங்க எல்லாரும்! நான் இங்க நிக்கறேன், வண்டி அங்க வெடிக்குது!" என்று கத்துகிறார். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடி, அவரைக் கட்டிக்கொண்டார். காக்கிச் சட்டையின் கிரீஸ் எல்லாம் நங்கையாளின் சேலையில்.

"தோத்துட்டேனுங்க! கழிஞ்சுது ஒண்ணு! நீங்க இல்லீங்க!"

நங்கையா சிரித்துக்கொண்டே அழுதார்.

"பெட்ரோலும் மாத்தியாச்சு. அண்ணனும் தோத்துட்டாரு" என்றார் அக்கா.

"நீ கொண்டாந்த பெட்ரோலும் கலப்படமா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

தோற்ற அக்கா டீ வாங்கித் தர வேண்டும். அந்தப் பக்கம் டீக்கடை ஏது? "அம்மிணி, உங்கூட்டு டீயத்தான் நான் கடன் வாங்கோணும்" என்றார். வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் கொக்கியைக் கழற்றிக் கொத்தைக் கொடுத்தார். நான் கதவைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். டீ கொதிப்பதற்குள் இன்னொரு சுற்றுப் போய் வருகிறோம் என்று அவர்கள் மூவரும் கிளம்பினார்கள். தண்ணீர் அண்டாக்கள் டிக்கியிலேயே இருந்தன.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெடிச் சத்தமே இல்லை.

திரும்பி வந்ததும் நங்கையா காரை விட்டு இறங்குவதற்குள்ளேயே விரலை நீட்டினார். "இவதான்! இத்தன நாளா என்ற தலையில கட்டுனீங்களே, இந்தா நிக்கறா பாருங்க! நானும் இருந்தேன், தண்ணியும் இருந்துது, வண்டி வெண்ணையா போகுது! இவ ஒருத்திதான் இல்ல!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது காற்றடித்தால் கொடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. "இந்த அம்மிணியவா வண்டி தாங்கல?" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண்ணின் கட்டுச்சோற்றுக்கு நான்தான் பஸ்ஸில் போக வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

டீ குடித்து முடித்துவிட்டு எல்லாரும் மறுபடி ஏறினோம். பள்ளம் வந்தது. டமார்.

"நாஞ் சொல்லல?" என்றார் நங்கையா.

அக்கா சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி, "அம்மிணி, இப்ப ஏறறதுக்கு முந்தி என்னென்ன பண்ணுனீங்க? ஒண்ணு உடாமச் சொல்லுங்க" என்றார்.

"டம்ளரக் கழுவி வெச்சேன். அடுப்ப அணைச்சேன். ஊட்டப் பூட்டுனேன். சாவிய அவுங்க கையில குடுத்தேன். ஏறிக் குந்துனேன்."

அக்காவின் கண் மெதுவாக முன்பக்கம் திரும்பியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. சாண் நீள இரும்புச் சாவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் ஆடியது.

"அண்ணா, சமதளத்துல கொஞ்சம் வெரசா ஓட்டுங்க" என்றார். பள்ளமே இல்லாத நல்ல பாதை. கொத்தில் ஒரு விரலைக் கோர்த்து லேசாக இழுத்து விட்டார்.

திணறல். டமார்!

நாங்கள் அலறினோம். அவர் மறுபடி இழுத்தார். டமார்! "நாஞ் சொல்றப்ப வெடிக்குதுங்க! பாருங்க, பாருங்க!" டமார்! தறிக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நங்கையா முன்சீட்டுக்கு மேலே எக்கி, "நானொருக்கா, நானொருக்கா!" என்று கையை நீட்டினார். அக்கா கொத்தை அவர் பக்கம் காட்டினார். நங்கையா இழுத்தார் பாருங்கள், அத்தனை நாள் கோபத்தையும் சேர்த்து ஒரு இழுப்பு. அன்றைக்கு வெடித்ததிலேயே அதுதான் பெரிய வெடி.

பிறகு அக்கா விளக்கினார். சாவித்துளை தேய்ந்து போயிருக்கிறது. கொத்தின் பாரத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஸ்விட்ச் ஒரு கணம் அணைந்து மறுபடி பிடிக்கிறது. அணைந்த கணத்தில் வண்டி உருண்டுகொண்டுதான் இருக்கிறது, இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பற்ற வைக்கப் பொறி இல்லை. அதுதான் திணறல். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்கிறது. பொறி திரும்ப வந்ததும் அது அங்கே போய்ப் பற்றிக்கொள்கிறது. அதுதான் வெடி. தனியாகப் போகும்போது வீட்டில் நான் இருப்பேன், கொத்தும் என்னிடம் இருக்கும். அதனால் எந்த மெக்கானிக் கண்ணுக்கும் அது சிக்கவில்லை.

"இது என்ற புத்தியில வரவே இல்லீங்க" என்றார் அக்கா, ஏதோ பரிசு விழுந்த மாதிரி. "அண்ணா, டீ உங்க செலவு."

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "சாவி கோக்கறது நல்ல பழக்கந்தான். ஸ்விட்ச்சுதான் மோசம்" என்றார்.

"அதும் நெசந்தானுங்க" என்று அக்கா விட்டுக்கொடுத்தார். "புது ஸ்விட்ச் சேலத்துலருந்து வரோணும். கட்டுச்சோத்துக்குள்ள வராது. அதுவரைக்கும் வண்டிச் சாவிய மட்டும் போட்டு ஓட்டுங்க."

கட்டுச்சோற்று நாளன்று காலை எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் அண்டாக்களில் ஏறின. என் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டினார். கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இடுப்புல செருகிக்க. இன்னிக்கு ஆத்துப்பக்கம் போகல."

மேட்டூருக்குப் பிறகு, வெளியே கிளம்புகிற நேரத்தில் கொத்து என் இடுப்பில் ஏறியது அன்றுதான். சில்லென்று இருந்தது. வழி முழுக்க அதன்மேல் கையை வைத்துக்கொண்டே போனேன்.

சேந்தமங்கலத்தில் சம்பந்தியின் அம்மா ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பள்ளத்திலிருந்து நாலடி தள்ளி நின்றார். கார் பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, நின்றது. என் பெண் வாசலில் நின்று காதைப் பொத்தியிருந்த கையை மெதுவாக எடுத்தாள்.

சம்பந்தி வந்து காரைத் தட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், இன்ஜினையே மாத்திட்டீங்களா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கார்பரேட்டர் என்று சொல்வார், இல்லை பெட்ரோல் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் நங்கையாளைப் பார்த்தார். நங்கையா புளிச்சோற்று அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறாய் என்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின்ல ஒண்ணுமில்லீங்க மச்சான்" என்றார். "ஊட்டுச் சாவி அத்தனையும் வண்டிச் சாவியில தொங்க உட்டுக்கிட்டு ஓட்டுனேன். அதுதான் வெடிச்சுது. எங்கக்காளச் சொன்னேன், பெட்ரோலச் சொன்னேன். எல்லாந் தப்பு. தப்பு என்னுளுதுங்க." சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார். "எல்லாத்துக்கும் டீ சொல்லுங்க மச்சான், என்ற செலவு."

"விருந்துக்கு வந்துட்டு டீயா?" என்று சம்பந்தி விழித்தார். நங்கையா சிரித்த சிரிப்பில் அண்டாவே கீழே விழுந்திருக்கும், நான் பிடித்துக்கொண்டேன்.

என் பெண் திரும்பி வரும்போது ஒரு கையால் அத்தையின் கையையும் ஒரு கையால் என் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, ஒரே ஒருக்கா இழுத்துக் காட்டுங்கப்பா" என்றாள்.

"சும்மா இரு சாமி" என்றார் அவர். ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

பேரன் பிறந்து மூன்றாம் மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கொட்டகைக்குப் போனோம். அவர் கையைத் துடைத்து, முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாசம் என்று சொல்லி வாங்காமல் கிட்ட நின்று கொஞ்சினார். உள்ளே நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது, எப்படித்தான் எனக்கு வாய் வந்ததோ, "உங்கூட்டுக்காரருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுவும் நாஞ் சொன்ன ஒரு காரணந்தான் அம்மிணி. பாத்த ஒடனே, 'இவன்தான்'னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னேன்" என்றார். "கழிஞ்சுது ஒண்ணு." சிரித்தார். அன்று மட்டும் சிரித்து முடித்த பிறகு, கொண்டையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் மேசைமேல் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். உடனே ரோட்டைப் பார்த்து, "மாமா, டீ!" என்று கத்தினார். அன்று யாரும் தோற்கவில்லை.

ரோட்டை அகலப்படுத்தியபோது கொட்டகை போய்விட்டது. டீக்கடையும் போய்விட்டது. அக்கா எடப்பாடிப் பக்கம் பட்டறை போட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். மேட்டூரில் பார்த்ததாகவும் இப்போதும் அதே காக்கிச் சட்டைதான் என்றும் இன்னொருவர் சொன்னார். பேரன் இப்போது காலேஜுக்குப் போகிறான். வீட்டில் புதுக் கார் இருக்கிறது. அதற்குச் சாவியே துளையில் போட வேண்டியதில்லை, பொத்தானை அமுக்கினால் போதும். கொத்து என் இடுப்பிலேயே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இன்ஜின் தெரிந்தவர்கள் இருந்தால், ஸ்விட்ச் அணைவதும் சைலன்சரில் வெடிப்பதும் நான் எழுதியபடிதானா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கு நெனப்பில்ல, தப்பா இருந்தா டீ வாங்கித் தாரேன்" என்கிறார். அக்கா எடப்பாடியா மேட்டூரா என்பதையும் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. எடப்பாடி என்றுதான் நான் நினைக்கிறேன். தெரியாது என்று சொன்னால் செல்லாதே, அதனால் சொல்லிவிட்டேன். தப்பாக இருந்தால் டீ என் செலவு.